பன்னிரண்டாவது பாட்டு

பன்னிரண்டு பாட்டு. அதற்கு மேல் ஒரு பல்லவிகூடக் கிடையாது என்று மேலிடம் கையை விரித்துவிட்டது.

இரண்டாயிரத்து முப்பதுகளில் தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. சினிமாப் பாட்டு மட்டுமே ஆறாயிரத்துக்கு மேல். அதில் மிகச் சிறந்த, மிகவும் புகழ்பெற்ற பன்னிரண்டைப் பொறுக்கி எடுக்க, மதுரையில் ஓர் அரசு விருந்தினர் மாளிகையில் ஏழு பேர் ஒன்பது நாளாக உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல காலமாக இருந்திருந்தால் இது பிரியாணி சாப்பிட்ட பிறகு போடுகிற சண்டை. ஆளுக்கொரு பட்டியல் சொல்லி, நாலு பேரைத் திட்டி, கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் இது 2068. இடம் கிடைக்காத பாட்டு தனியாகப் போகாது. தன்னை நம்பியிருக்கும் ஆட்களையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

எல்லாம் வெளுப்பு நோய் செய்த வேலை. நாலு வருடமாக, ஐம்பதைத் தாண்டியவர்களைத் தேடித் தேடிப் பிடித்தது. முதலில் பெயர்கள் வெளுக்கும், பிறகு முகங்கள். கடைசியில் வாயில் வைத்த சோற்றை எப்படி விழுங்குவது என்பதே மறந்துவிடும். அதோடு முடிந்தது.

குழுவின் மருத்துவ உறுப்பினர் டாக்டர் வஹிதா முதல் நாளே சொல்லிவிட்டார். "பதினஞ்சு வயசுலேருந்து இருபத்தஞ்சுக்குள்ள கேட்ட ஏதோ ஒரு பாட்டு, ஒவ்வொருத்தர் மூளையிலயும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. மத்ததெல்லாம் அதுல தொங்கிட்டிருக்கு. அந்தப் பாட்டோட தடத்தை மெஷின்ல எடுத்து, காதுக்குப் பின்னாடி அரிசி சைஸ்ல, அதை உள்ளேயே ஓட விடுற ஒரு தூண்டி வச்சுட்டா, ஆள் பத்து வருஷம் தாங்குவாங்க. ஒரு பாட்டுக்குத் தடம் எடுக்க ஒரு மாசம் ஆகும். நமக்கு இருக்கறது ஒரே மெஷின். ஒரு வருஷம் முடிஞ்சா அது நாற்பதுகளோட பாட்டுகளுக்குப் போயிடும்."

"யாருக்கு எந்தப் பாட்டுன்னு எப்படித் தெரியும்? போட்டுக் காட்டிப் பாத்துட்டா என்ன?" என்று கேட்டார் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற நீதிபதி. வாழ்நாளில் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

"அதை மட்டும் செய்யக் கூடாது சார். வெறும் பாட்டைப் போட்டா ஒரே ஒரு தடவை குப்புன்னு எல்லாம் ஞாபகம் வரும். பாட்டு முடியுறதுக்குள்ள அந்த ஆணி கழண்டுடும். அப்புறம் தூண்டி வச்சும் பிரயோஜனம் இல்ல. அதனாலதான் வீட்டுக்காரங்ககிட்ட மனு வாங்குறோம்."

மனுக்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பழைய வானொலி நேயர் விருப்பத்தின் அதே வடிவம்: பாடல், விரும்பிக் கேட்பவர், காரணம். ஏழு பேரும் உட்கார்ந்து படித்தார்கள். படித்த சூட்டோடு மறுபடி சண்டை போட்டார்கள்.

ஏழு பேரில் தாரணியும் ஒருத்தி. முப்பது வருடம் மதுரையில் பண்பலை வானொலியில் முப்பதுகளின் பாட்டுகளைப் போட்டு, அவற்றைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவள். உறுப்பினராகச் சேரும்போது கொடுத்த படிவத்தில் 'குடும்பத்தில் வெளுப்பு நோயாளி உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. தாரணி 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அவளுடைய கணவர் பவுன்ராஜ் தேனியில் அரசு மருத்துவமனையில் பதினேழாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தார்.

அவளை அவர் மறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சோறு ஊட்டுவாள். "யாரு பெத்த புள்ளையோ, மகராசி" என்பார். அந்தக் குரலில் அன்பு இருக்கும், அவள் இருக்க மாட்டாள். பொங்கலைத் தாண்டினால் விழுங்குவதும் நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு இன்னும் இரண்டரை மாதம்.

பவுன்ராஜின் பாட்டு எது என்பதில் தாரணிக்கு இம்மியும் சந்தேகம் கிடையாது. அது 'ஈரக்காற்றே இன்னும் கொஞ்சம்'. 2033இல் அவர் பொன்மணி பஸ்ஸின் டிரைவர். தேனியில் கிளம்பி, போடி வழியாக, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு போகிற தனியார் பஸ். அந்தப் பக்கத்தில் பஸ்ஸின் பெயரைப் பார்த்து ஏறுகிற வழக்கம் இல்லை, உள்ளே என்ன பாட்டு ஓடுகிறது என்று கேட்டுத்தான் ஏறுவார்கள். காலை எட்டுப் பத்துக்குக் கோடாங்கிபட்டியில் தாரணி படியில் கால் வைப்பாள். வைத்ததும், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு எதுவானாலும் பாதியில் வெட்டுப்படும். 'ஈரக்காற்றே' தொடங்கும். கல்லூரிக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். போடியில் அவள் இறங்கும்வரை மெலடிதான். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. பிறகு அவளைப் பெண் கேட்டு வந்தார்கள், கல்யாணமும் நடந்தது.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்ததும் "உன் பாட்டப் போடு தாரணி" என்பார். சாய்வு நாற்காலியில் சாய்ந்து கேட்பார். இரண்டாவது சரணத்துக்குள் தூங்கியிருப்பார். மனதுக்கு அவ்வளவு நிம்மதி தருகிற பாட்டு என்று அவள் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் பதினொரு பாட்டு முடிவாகிவிட்டது. மிச்சம் ஓர் இடம். அதற்கு இரண்டு பாட்டு மோதின. ஒன்று 'ஈரக்காற்றே'. இன்னொன்று 'தக்காளி டமாலு'.

'தக்காளி டமாலு' என்றால் என்ன என்று அதை எழுதியவருக்கே தெரிந்திருக்காது. நாலு தகர டப்பா, ஒரு நாதஸ்வரம், தொண்டை கிழியக் கத்துகிற இரண்டு ஆண்கள். 2034இல் அது ஓடாத கல்யாண மண்டபம் இல்லை, லாரி இல்லை. தாரணி அதை வானொலியில் கிழித்துத் தொங்கவிட்டவள். "இந்தப் பாட்டைக் கேட்ட பிறகு எங்க வீட்டில் தக்காளி ரசமே வைப்பதில்லை" என்று அவள் ஒரு முறை சொன்னதைக் கேட்டு ஊரே சிரித்தது.

"மனு எத்தனைன்னு பாருங்க" என்றாள் தாரணி. "ஈரக்காற்றுக்கு முப்பத்தொன்பதாயிரம். தக்காளிக்கு வெறும் நாலாயிரம். இதுக்கு மேல என்ன பேச்சு?"

"மனுவுல எழுதறது வேற, மண்டையில இருக்கறது வேறம்மா" என்றார் வஹிதா. "நம்ம ஆளுங்க கவர்மென்ட்டுக்கு மனு எழுதறப்போ, எங்க அப்பாவுக்குப் பிடிச்சது தக்காளி டமாலுன்னு எழுதுவாங்களா? வெட்கப்பட்டுக்கிட்டு ஒரு நல்ல மெலடியா எழுதிடுவாங்க. வார்டுல நான் பாக்குறேன். சமையல் மாஸ்டர், டிரைவர், பந்தல் போடறவர்னு எல்லாரும் அதுலதான் தொங்கிட்டிருக்காங்கன்னு தோணுது. என் கணக்குல முப்பதாயிரம் பேராவது இருக்கும்."

"ஆதாரம் இருக்கா?"

"இல்ல. தோணுது, அவ்வளவுதான்."

வஹிதா சொன்னது உண்மையாகத்தான் இருக்கும் என்று தாரணிக்கு அப்போதே பட்டது. பதினெட்டாம் கட்டிலில் படுத்திருந்த பரோட்டா மாஸ்டரின் மனைவி ஈஸ்வரி போன ஞாயிறு அவளிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள்: "எங்க வீட்டுக்காரருக்குத் தக்காளிப் பாட்டுன்னா உசுரு. மகன் என்னடான்னா, மானம் போயிரும்மான்னு சொல்லி வேற ஏதோ பாட்ட எழுதிப் போட்டுட்டான். பரவால்லக்கா, அம்புட்டு பேரு கேட்ட பாட்ட விட்டுருவாகளா? எப்படியும் வந்துரும்." தாரணி அப்போது தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது அந்த முகத்தை மனதிலிருந்து தள்ளி வைத்தாள். பதினெட்டாம் கட்டிலா பதினேழாம் கட்டிலா என்று வந்தால் அவள் வேறு என்ன செய்வாள்?

மதிய இடைவேளையில் வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். "மதினி!" என்று அந்த ஆள் கூப்பிட்டதும் தாரணி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். ஜெயசீலன். பொன்மணி பஸ்ஸின் கண்டக்டர். பவுன்ராஜோடு பத்தொன்பது வருடம் ஒரே வண்டியில் ஓடியவர்.

"பக்கத்து வீட்ல கேட்டேன் மதினி. மதுரைல பாட்டுக் கமிட்டில இருக்கீகன்னாக. அண்ணனுக்காக ஒரு மனு…"

வாசல் காவலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நோயாளியின் மனைவி என்று தெரிந்தால் அந்த நிமிடமே குழுவிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அவள் ஓட்டும் போய்விடும், பவுன்ராஜும் போய்விடுவார்.

"சீலா, உனக்குப் புண்ணியமாப் போகும். இங்க நின்னு பேசாத. குடுத்துட்டுக் கெளம்பு."

"ஒரே ஒரு வார்த்த கேட்டுக்கங்க மதினி. அண்ணனோட பாட்டு விசயமா…"

"அவர் பாட்டு எனக்குத் தெரியாதா? நான் பாத்துக்கறேன். போ சீலா."

ஜெயசீலன் ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "உங்களுக்கே தெரியும்னா சரி மதினி. அண்ணன் சொல்லிருக்காரா! அப்ப எனக்குக் கவல இல்ல." உறையை அவள் கையில் திணித்துவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

தாரணி உறையைப் பிரிக்கவில்லை. ஈரக்காற்று ஓடிய பஸ்ஸின் கண்டக்டர் வேறு எந்தப் பாட்டைக் கேட்டு எழுதப் போகிறார்? கைப்பையின் அடியில் போட்டு மூடினாள்.

மதியம் ஓட்டெடுப்பு. மூன்றுக்கு மூன்று என்று நின்றது. கடைசியாகப் பேச வேண்டியவள் தாரணி. முப்பது வருடம் ஒலிவாங்கி முன்னால் பழகிய குரலை முழுசாகத் திறந்தாள். நாளைக்கு வரப்போகிற பிள்ளைகள் நம்முடைய முப்பதுகளை ஒரு தக்காளியை வைத்தா எடை போட வேண்டும் என்று கேட்டாள். இசை என்றால் என்ன, ரசனை என்றால் என்ன என்று எடுத்துச் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. நீதிபதி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது இடம் 'ஈரக்காற்றே'வுக்குப் போனது. தடம் எடுக்கும் வரிசையில் அதை முதலில் வைக்கவும் தாரணி பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாள். வஹிதா மட்டும் மேசையிலிருந்து எழுந்திருக்காமல், "முப்பதாயிரம் பேரும்மா" என்றார். தாரணி காதில் விழாதவள் மாதிரி காகிதங்களை அடுக்கினாள்.

மார்கழிப் பிறப்பன்று காலையில் பவுன்ராஜுக்குத் தூண்டி வைத்தார்கள். அதற்குள் அவர் கஞ்சிக்கே திணறத் தொடங்கியிருந்தார். தாரணி தலைக்குக் குளித்து, அவருக்குப் பிடித்த மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். மருத்துவர் கையிலிருந்த கருவியை அழுத்தினார். பாட்டு வெளியே கேட்காது. அவருக்குள் மட்டும் ஓடும்.

பவுன்ராஜ் கூரையைப் பார்த்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் ஆனது. தாரணி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உதடு மெல்லத் திறந்தது.

நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

மருத்துவர் திரையில் எதையோ திரும்பத் திரும்பப் பார்த்தார். "மன்னிச்சிருங்கம்மா. இது அவரோட பாட்டு இல்ல."

"இல்ல டாக்டர். சரியாப் பாருங்க. இதேதான். தினமும் போட்டாரு, எனக்குத் தெரியும்!"

"மிச்சம் பதினொண்ணு வரும். அதுல ஏதாவது இருக்கலாம்" என்றார் மருத்துவர். ஆனால் அடுத்த பாட்டு வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

தாரணி கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். கைக்கு உறை அகப்பட்டது. கண்டக்டர் கையெழுத்து, டிக்கெட்டில் எழுதுகிற மாதிரி சின்னச் சின்னதாக இருந்தது.

'பாடல்: தக்காளி டமாலு.

விரும்பிக் கேட்பவர்: பவுன்ராஜ், டிரைவர், பொன்மணி பஸ், அவருக்காக அவர் தம்பி ஜெயசீலன்.

காரணம்: ஐயா, அம்மா, எங்கள் மதினி இந்தப் பாட்டை எழுத மாட்டார்கள். அவர்களுக்கு இது தெரியாது. மதினி ஏறியதும் அண்ணன் மெல்லிசை போடுவார். அது மதினிக்குப் பிடித்தது. அண்ணனுக்கு அதைக் கேட்டால் தூக்கம் வரும், வண்டியை ரோட்டில் வைக்கவே பாடுபடுவார். போடியில் மதினி இறங்கியதும் "சீலா, கோடாங்கிபட்டிப் புள்ள எறங்கிருச்சா?" என்று கேட்பார். எறங்கிருச்சுண்ணே என்பேன். உடனே தக்காளியைப் போடுவார். பதினேழு வளைவும் அந்தப் பாட்டுத்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் கை தட்டுவார்கள். இன்றைக்கு என்ன கலர் சுடிதார், யாரோடு சிரித்தது என்று போடிமெட்டு மேடு வரும்வரை மதினியைப் பற்றியே கத்திக்கொண்டு ஓட்டுவார். அவ்வளவு சந்தோசமாக ஒரு மனுசனை நான் பார்த்ததில்லை. கல்யாணம் ஆன பிறகு மதினி ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேலி செய்தார்கள். அன்றிலிருந்து அண்ணன் அதைப் போடவில்லை, என்னையும் வாய் திறக்க விடவில்லை. அண்ணன் மதினியை எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்குத்தான் தெரியும். அது இந்தப் பாட்டில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.'

தாரணி அதை இரண்டு தடவை படித்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூட ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். பட்டியலை இனி யாரும் மாற்ற முடியாது. வஹிதாவின் காலில் விழுந்தாலும் மெஷின் ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டுதான் எடுக்கும். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, செல்போனை எடுத்து, இத்தனை வருடமாகத் தொடாத அந்தப் பெயரைத் தேடினாள். ஒரு தடவைதான், பாட்டு முடிவதற்குள் கழன்றுவிடும் என்பதும் தெரியும். தெரிந்துதான் அழுத்தினாள்.

தகர டப்பாக்கள் முழங்கின.

பவுன்ராஜின் கண் திறந்தது. வலது கால் போர்வைக்குள் அழுந்தியது. இரண்டு கையும் எழுந்து இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன. இடது பக்கம் முழுசாக ஒடித்தார், திரும்பி வலது பக்கம். முதல் வளைவு. அவர் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. முப்பத்து மூன்று வருட இல்லற வாழ்க்கையில் தாரணி அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் டக்டக்கென்று ஒரு சத்தம். பரோட்டா மாஸ்டர் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தில் கொத்திக்கொண்டிருந்தார், தாளம் பிசகாமல். ஈஸ்வரி திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா! தக்காளிப் பாட்டு! லிஸ்ட்டுல வந்துருச்சாக்கா? அவரு என் பேரச் சொன்னாருக்கா, ஈஸுன்னு கூப்பிட்டாரு!"

தாரணிக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு பதினெட்டாம் கட்டிலுக்கும் கேட்டுவிட்டது. அவள் பதறிப் போய் அணைக்கப் பார்த்தாள், கை வழுக்கியது. பவுன்ராஜ் அதற்குள் தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக் கத்தினார்.

"சீலா! கோடாங்கிபட்டிப் புள்ள எறங்கிருச்சா?"

விரல் அப்படியே நின்றுவிட்டது. அவளால் அணைக்க முடியவில்லை. "இன்னைக்கு மாம்பழக் கலருடா. என்னமா இருந்துச்சு தெரியுமா? இந்தப் புள்ளயக் கட்டுனா நான் ராசாடா சீலா" என்று சொல்லிக்கொண்டே அவர் வளைவு வளைவாக ஒடித்து ஏறினார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. பிறகு பாட்டு முடிந்தது.

பக்கத்துக் கட்டிலில் கொத்துகிற சத்தமும் நின்றது.

"இன்னொருக்காப் போடுக்கா" என்றாள் ஈஸ்வரி. "வந்துருச்சுல்ல லிஸ்ட்டுல?"

"வரல ஈஸ்வரி. நான்தான் வர விடல. இப்பக் கேட்டதும் கேக்கக் கூடாதது. என்னய மன்னிக்காத."

ஈஸ்வரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் திரும்பிப் போய்க் கணவரின் இரண்டு கைகளையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அவளை யாரோ மாதிரி பார்த்தார்.

பவுன்ராஜின் கைகள் இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன, ஆனால் சுற்றவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை மரியாதையாகப் பார்த்தார்.

"நீங்க எங்கம்மா எறங்கணும்? போடியா?"

அந்த பஸ்ஸில் அவள் ஒரு தடவைகூட மேட்டுக்குப் போனதில்லை.

"இல்லங்க" என்றாள் தாரணி. "மேடு வரைக்கும் வரேன்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தார். அவள் செல்போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அவர் பார்த்த பக்கமே பார்த்தாள்.